எண்ணெய் ஒட்டாத தட்டு

"வாயைக் கட்டு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போன மகளுக்கு, வாயைக் கட்டியே விட்ட அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேத்திக்கு முன்பல் விழுந்ததே, முளைத்துவிட்டதா?

போனில் சொன்னால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் கூடத்தில் ஸ்பீக்கரில் அலறுகிறது. உன் அண்ணன் ஒரு காதை அங்கே வைத்திருப்பான், உன் அண்ணி இன்னொரு காதை வைத்திருப்பாள். நீயும் பாதியில் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே புக முடியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, மெதுவாகத்தான் போகும். நீயும் மெதுவாகப் படி. எதிர்வீட்டு நர்ஸ் வேலைக்குப் போகும்போது இதைத் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

முதலில் உன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். போன தடவை வந்திருந்தாயே, காலர் வைத்த பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு. சாப்பாட்டு மேஜையில் உன் அத்தை, அவள் மருமகள், அந்த மருமகளின் அம்மா எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டாவது கேக் துண்டுக்குக் கை நீட்டியபோது, "முட்டி வலிக்குது முட்டி வலிக்குதுன்னு புலம்புறியே, முதல்ல வாயைக் கட்டும்மா" என்றாய். உன் அத்தை சிரித்தாள். கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள். உன்னை நான் விட்டுவிட்டேன், பெற்றது நான்தானே. அவள் சிரிப்பை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நாற்காலி விஷயம் நடந்தது. உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எலும்பு டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும், என்னால் படியில் ஒரு கால் வைக்க முடியவில்லை. உன் அண்ணனும் மேல்மாடி எலக்ட்ரீஷியனும் என்னை மர நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, இரண்டு மாடியும் இறக்கினார்கள். உன் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற கட்டடமெல்லாம் அவன் கை பட்டு ஏறி இறங்குகிறது, பெற்ற தாயை மட்டும் தோளில் சுமக்கிறான். கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்து, "என்ன, பீரோவை மாத்துறீங்களா?" என்று கேட்டாள். எலக்ட்ரீஷியன் சிரிப்பை அடக்கப் பார்த்ததில் நாற்காலி ஆடியது. நான் உயரத்தில் உட்கார்ந்தபடி அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவள் வீட்டு வாசலில் பூந்தொட்டி இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராமல் அது வாடுகிற நாளில் ஒரு குடம் கேட்டு மேலே வரட்டும், அப்போது பேசிக்கொள்கிறேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முட்டி தேஞ்சு போச்சு பாட்டி, மாத்தித்தான் ஆகணும். ஆனா இந்த எடையில நான் கத்தியைத் தொட மாட்டேன். இருபது கிலோ இறக்கிட்டு வாங்க" என்றார். முட்டி ஏன் தேய்ந்தது என்று எனக்குத் தெரியும். அத்தனை வருஷம் பேக்கரியில் ஈரத்தரையில் நின்று தட்டு கழுவியிருக்கிறேன். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதற்கு அந்த முதலாளி, "உட்கார்ந்தா வேலை ஓடாது" என்றான். அவன் அன்று கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. போகட்டும்.

டாக்டர் என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஈர்க்குச்சி மாதிரி ஒரு பெண். யார் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வதற்கென்றே படித்தவளாம். இறைச்சி, மீன், முட்டை கூடாது என்றாள். சரி. பால், தயிர், வெண்ணெய் கூடாது என்றாள். டீ போச்சு. எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கூடாது என்றாள். "அப்ப என்னதான் திங்கிறது, காத்தையா?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "வயிறு நிறையச் சாப்பிடுங்க பாட்டி. சோறு, பருப்பு, பீன்ஸ், உருளைக்கிழங்கு, கீரை, பழம். பட்டினி கிடந்தா நான்தான் திட்டுவேன்" என்றாள். பட்டினி கிடக்கச் சொல்லாத டாக்டரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு சத்து மாத்திரையும் எழுதித் தந்தாள். எழுந்திருக்கும்போது என் கையைப் பிடிக்காமல், நானாக எழுந்து நிற்கும் வரை காத்திருந்தாள். அதனால் அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த ஸ்பேனரையே மறுபடியும் துடைத்தான். "எதுக்கும்மா ஆபரேஷன் எல்லாம், நான்தான் தூக்கிட்டுப் போறேனே" என்றான். நான் பீரோ இல்லை. என் காலால் இறங்கி, என் காலால் ஏற வேண்டும். முடிவு செய்துவிட்டேன், இனி யார் சொன்னாலும் கேட்கிற மாதிரி இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். என் பேத்தியை நான் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா

*

என் மகளுக்கு,

உன் பதில் வந்தது. "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்று எழுதியிருக்கிறாய். சொன்னதால்தானே இவ்வளவும். அழுது கடிதத்தை நனைக்காதே, எழுத்து கலைகிறது.

பன்னிரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. நம்ப மாட்டாய். முதல் வாரம் தலைவலியில் செத்தேன். பால் இல்லாத டீ, பாத்திரம் அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. அதில் எலுமிச்சை பிழிந்து பார்த்தேன், பரவாயில்லை. பீன்ஸ் தின்று தின்று வயிறு போட்ட சத்தத்தில் உன் அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. வெங்காயத்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்தே வதக்கலாம், தெரியுமா? பொன்னிறமாகவே வருகிறது. வேகவைத்த உருளைக்கிழங்கில் மிளகும் உப்பும் போட்டுச் சூடாகப் பிசைந்தால் நான் யாருக்கும் பங்கு கொடுக்க மாட்டேன். பழைய ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்தாகிவிட்டது. கட்டிலிலிருந்து யாரையும் கூப்பிடாமல் எழுகிறேன்.

உன் அத்தை வந்தாள். கையில் ஒரு டப்பா. வெண்ணெய் பிஸ்கட்டு, நான் வேலை பார்த்த அதே பேக்கரியிலிருந்து. தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறாள் பார். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்க அண்ணி, யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். வாசனை கூடம் முழுக்க நிறைந்தது. பொய் சொல்வானேன், வாயில் எச்சில் ஊறியது. "என் முட்டிக்குத் தெரியும்" என்றேன். "வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு, யாரு பார்க்கப்போறா உங்களை?" என்றாள். "நீ பார்க்கத்தான்" என்றேன். அவளே அந்த டப்பாவில் பாதியைத் தின்றுவிட்டுப் போனாள்.

இப்போது வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். மழை பிடித்ததிலிருந்து எடை நகரவே இல்லை. முள் ஒட்டவைத்த மாதிரி நிற்கிறது. ஒரு வாரம் அரைக் கிலோ ஏறியும் விட்டது. சாப்பாடு அதேதான். உண்மையில் சாப்பாடு முன்னைவிட ருசியாக இருந்தது. நாக்கு பழகிவிடும் என்று ஈர்க்குச்சி சொல்லியிருந்தாள், பழகிவிட்டது என்று நினைத்து உன் அண்ணியின் கைப்பக்குவத்தை நானே ஒரு நாள் மெச்சினேன். நான் அவளை மெச்சுவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்கே தெரியும். அவள் திகைத்துப் போய்க் கரண்டியைக் கீழே போட்டாள்.

பிறகுதான் தட்டு காட்டிக்கொடுத்தது. நான் சாப்பிட்ட தட்டை நானே கழுவுவேன், அது பேக்கரிப் பழக்கம். அதற்காக உன் அண்ணன் தொட்டிக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று செய்து போட்டிருக்கிறான். இந்தச் சாப்பாட்டில் ஒரு சுகம், தட்டுக்குச் சோப்பே வேண்டாம். குழாயில் காட்டினால் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஒரே படலமாக வழியும், தட்டு பளிச்சென்று ஆகிவிடும். அன்றைக்கு வழியவில்லை. தண்ணீர் முத்து முத்தாக நின்றது. விரலால் தேய்த்தேன், வழுக்கியது. மறுநாளும் அப்படித்தான்.

உன் அண்ணியைக் கூப்பிட்டுத் தட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "எத்தனை நாளா இந்த வேலை நடக்குது? நான் இந்த நாற்காலியிலேயே கிடந்து சாகணும், அதானே உனக்கு?" என்று கத்தினேன். அவள் கல்யாணமாகி வந்த வருஷம் என் வெள்ளைப் புடவையைச் சிவப்புத் துணியோடு ஊறவைத்ததிலிருந்து ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். "நான் ஒரு சொட்டும் ஊத்தலை அத்தை" என்றாள், ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உன் அண்ணன் உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை.

இந்த வீட்டில் யாரை நம்பிச் சாப்பிடுவது என்று தெரியவில்லை. நாளையிலிருந்து நானே சமைக்கப்போகிறேன். அடுப்பு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வேன். இன்னும் எட்டுக் கிலோ இருக்கிறது. இவர்கள் எண்ணெயில் முக்கி எடுத்தாலும் நான் இறக்காமல் விட மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? எழுது.

உன் அம்மா

*

என் கடைசிப் பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. கெட்ட செய்தி இல்லை, பயப்படாதே. ஆனால் நின்றுகொண்டு படிக்கிற செய்தியும் இல்லை.

சொன்னபடியே நானே சமைக்க ஆரம்பித்தேன். உன் அண்ணி காய் நறுக்கித் தந்தாள், என்னோடு பேச மாட்டாள், நானும் பேசவில்லை. சட்டியில் என்ன விழுகிறது என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு சமைத்தேன். உன் அண்ணன் வந்து, "நீ போய் உட்காரும்மா, நான் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லித் தட்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தான். சாப்பிட்டேன். கழுவினேன். தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

அடுத்த வேளை அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டு பளிச். அதற்கடுத்த வேளை கூடத்தில் சாப்பிட்டேன். பிசுக்கு. அடுப்புக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் இந்த வீட்டில் இருப்பது என்ன? எட்டடி நடையும் உன் அண்ணனும்தான்.

மறுநாள் அவன் தட்டோடு வந்து குனிந்தபோது சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டேன். "பையில என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, வேலைக்கான எண்ணெய், லிஃப்ட்டுக்கு" என்றான். எடுத்துப் பார்த்தால் இருமல் மருந்து பாட்டில். கழுவி, துடைத்து, சமையல் எண்ணெய் நிரப்பி, மூடி போட்டு வைத்திருக்கிறான். எந்த லிஃப்ட் கடலை எண்ணெயில் ஓடுகிறது? பாதித் தலை நரைத்தவன், பென்சில் திருடிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றான்.

அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்பாவும் இப்படித்தாம்மா, தன் காலால நடந்து உள்ள போனாரு. நான்தான், சின்ன ஆபரேஷன்ப்பா, பயப்படாதீங்கப்பான்னு சொல்லி அனுப்பி வச்சேன். ரெண்டாவது தடவை என்னால அனுப்ப முடியாது. நீ குண்டாவே இரும்மா. நான் தூக்கிக்கறேன். உயிரோட இரு" என்றான். உன் அண்ணி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. நான் அத்தனை திட்டு திட்டியபோதும் அவள் புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை, பார்த்தாயா.

அவனுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பாய். "உன் முதுகு ஒடிஞ்சா உன்னையும் என்னையும் சேர்த்து யாருடா தூக்குவா?" என்றேன். எனக்கு வந்தது அதுதான். பிறகு, "உங்கப்பா விஷயத்துல உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லைடா" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீயாம்மா? நீ எதையாவது மறந்திருக்கியா?" என்று கேட்டான். அவன் கேட்டதிலும் தப்பில்லை. கைக்கடிகாரத்தின் நிறத்தை ஞாபகம் வைத்திருக்கிறவள், புருஷன் போனதை மட்டும் சும்மா விட்டிருப்பாளா என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் ஒவ்வொரு தடவை பழைய கதை எடுக்கும்போதும், அடுத்தது தன் முறை என்று காத்திருந்திருக்கிறான்.

உன் அண்ணியிடம் நான் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அது எனக்கு வராது. அவளுக்காக உருளைக்கிழங்கு வேகவைத்து, தோல் உரித்து, அவள் தட்டில் வெண்ணெய் வைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே தின்றாள். பிறகு, "உப்பு கம்மி அத்தை" என்றாள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். அந்த வெள்ளைப் புடவை விஷயத்தையும் அன்றோடு விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எடை தானாக இறங்கியது. போன வாரம் ஈர்க்குச்சியிடம் போய் நின்றேன். எடை முள், டாக்டர் சொன்ன இடத்துக்கும் கீழே நின்றது. அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எலும்பு டாக்டர் நாள் குறித்துவிட்டார், அடுத்த மாதம் முதல் திங்கள். என்னை நாற்காலியில்தான் இறக்கினார்கள், ஆனால் எலக்ட்ரீஷியன், "என்ன பாட்டி, நாற்காலி மட்டும்தான் வருதா, நீங்க மாடியிலயே இருக்கீங்களா?" என்றான். கீழ்வீட்டுக்காரி காதில் விழும்படி அவனை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

எனக்காக நீ ஒன்றும் கவலைப்பட வேண்டாம். இப்போது நான் எழுதப்போவது உன் அண்ணனைப் பற்றி.

நாள் குறித்ததிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. தடுக்கவும் இல்லை, அந்தப் பாட்டிலை என் கண் முன்னாலேயே தொட்டியில் கவிழ்த்துவிட்டான். எதிர்வீட்டு நர்ஸிடம் தினமும் போய், அந்த டாக்டர் எப்படி, மயக்க மருந்து கொடுப்பவர் எப்படி என்று கேட்கிறான். அவளே, "அம்மாவை விட இவருக்குத்தான் மாத்திரை குடுக்கணும்" என்கிறாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உன் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள்? நீ பள்ளிச் சீருடையைக் கழற்றாமல் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், இடது காலில் சாக்ஸ் கிழிந்திருந்தது. உன் அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். வீட்டுக்கு வந்த டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். உன் அப்பாதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால வலி தாங்க முடியலைங்க, கட்டியை வெட்டி எடுத்துடுங்க, நாளைக்கே எடுத்துடுங்க" என்று கெஞ்சினார். அவரே முடிவு செய்துவிட்டார். உன் அண்ணன் அவருக்குத் தைரியம் சொன்னது அதற்குப் பிறகுதான், சாயங்காலம். அவன் சொல்லியிருக்காவிட்டாலும் அவர் போயிருப்பார்.

இதை அவனிடம் நான் சொன்னேன். தனக்காக அம்மா கதை கட்டிச் சொல்கிறாள் என்று நினைக்கிறான். "அன்னைக்கு நான் வீட்டுல இல்லை, நீ என்ன வேணும்னாலும் சொல்லலாம்" என்கிறான். அந்த அறையில் இருந்தவர்களில் நானும் நீயும்தான் மிச்சம். நீ சொன்னால் கேட்பான். போனில் சொல்லாதே. போனில் "சரி சரி" என்று வைத்துவிடுவான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சாக்ஸ் கிழிந்திருந்ததிலிருந்து சொல்ல வேண்டும்.

அதனால் நீ வா. லீவு கிடைக்காது என்று சொல்லாதே. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல், நான் அவரிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. என்னைப் பார்த்துக்கொள்ள நர்ஸுகள் இருக்கிறார்கள், உன் அண்ணி இருக்கிறாள், அவள் என்னை நன்றாகவே பார்த்துக்கொள்வாள். எனக்கு உள்ளே மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். வெளியே நிற்கிறவனுக்கு யார் கொடுப்பது?

உன் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கு அந்தக் கதவுக்கு முன்னால் அவன் தனியாக நின்றான். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்தத் தடவை அவனை நிற்கவிடாதே. பெஞ்சில் உட்கார வை. டீ வாங்கிக் கொடு, பால் ஊற்றிய டீயாகவே வாங்கிக் கொடு. அவன் எழுந்து எழுந்து போய்க் கதவைப் பார்ப்பான், சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வை. அப்பா டாக்டரிடம் கெஞ்சியதை அங்கேயே சொல், நான் உள்ளே இருக்கும்போதே சொல்லிவிடு. நான் வெளியே வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதே.

கதவு எப்படித் திறந்தாலும் அவன் கை உன் கையில் இருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

உன் அம்மா